சமப் பகிர்வு வாரியமும் முப்பத்தாறு கட்டில்களும்

திண்டுக்கல்லில் சோலையம்மாள் என்று ஒருத்தி இல்லை என அரசாங்கம் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் அவள் வெங்காய மண்டியில் சாக்கு விரித்து உட்கார்ந்து அழுகலைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தான் இல்லாமல் போன விஷயம் அவளுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது.

சோலையம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. ஏழு வருஷத்துக்கு முன்னால் புருஷன் செத்து, காரியம் முடிந்த மறுநாளே கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தாள். அப்புறம் நாகல் நகர் பக்கம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வெள்ளையடித்து, வீடற்றோர் இரவு விடுதி என்று பலகை மாட்டினார்கள். அங்கே இடம் கிடைத்தது. அவளோடு சேர்த்து முப்பத்தாறு பேர். கோரைப்பாய்தான், மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். ஆனாலும் பெண்கள் பக்கம் ஒரு குளியலறை இருந்தது, அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு வருஷம் குளித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த விடுதிக்குக் காப்பாளர் பொன்ராஜ். வடமதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவன். ஒருநாள் சாயங்காலம் அவன் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கடிதத்தைப் படித்தான். வீடற்றோர் நலநிதிச் சமப் பகிர்வு வாரியம் எழுதியிருந்தது.

'திண்டுக்கல் நகரம் அடங்கிய சமவெளி மண்டலத்தில் வீடற்றோர் எண்ணிக்கை மூன்று எனக் கணக்கெடுப்பில் தெரியவருகிறது. வீடின்மையை ஏறத்தாழ முற்றிலும் ஒழித்தமைக்காக மண்டலம் பாராட்டப்படுகிறது. விடுதிக்கான நிதி, தேவை மிகுந்த மலையடி மண்டலத்துக்கு மாற்றப்படுகிறது. மாத இறுதியில் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கவும். பாராட்டுச் சான்றிதழ் தனியே அனுப்பப்படும்.'

சோலையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். முப்பத்தாறு பேரும் இருந்தார்கள்.

"யாரு தம்பி அந்த மூணு பேரு?"

"கணக்கெடுக்க வந்தன்னைக்கு நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டீங்கக்கா. காதர் பீவி காய்ச்சல்ல படுத்திருந்துச்சு. ராமரு கால் கட்டோட கெடந்தாரு. மூணாவது நான்."

"ஒனக்குத்தான் வடமதுரையில மாடி வீடே இருக்கே?"

"சொன்னேன்க்கா. எண்ணும்போது பேசக்கூடாதுன்னுட்டாங்க."

"படுக்க எடமில்லாதவங்கள எண்ணணும்னா ராத்திரியிலதான வரணும்?"

"ராத்திரி வேலைக்குப் படி கிடையாதாம். ஆபீஸ் நேரத்துல தெருவுலயோ விடுதியிலயோ யாரு இருக்காங்களோ அவங்கதான் கணக்காம்."

பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் விற்கும் காதர் பீவி, "அப்பக் காய்ச்சல் வந்தாத்தான் நம்ம உசுரோட இருக்கோம்னு அர்த்தமா புள்ள?" என்றாள். பொன்ராஜ் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

மலையடி மண்டலத்தில் மட்டும் ராத்திரியில் எண்ணியிருந்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. வாரியத்து ஊழியர்கள் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனிக்குப் போனார்கள். போன இடத்தில் ரோட்டோரமெல்லாம் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். சும்மா வந்ததாக இருக்க வேண்டாம் என்று ஆளுக்கொரு நோட்டை எடுத்து எண்ணிவிட்டார்கள். இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு பேர். வாரியம் ஆடிப்போனது. ஒரே மண்டலத்தில் இத்தனை ஆயிரம் பேர் வீடில்லாமலா என்று தலைவர் கண் கலங்கினார் என்று செய்திக்குறிப்பு சொன்னது. அந்தக் கணக்கில் வரிசை எண் 8,114, வாரியத்தின் திண்டுக்கல் மாவட்ட இணை அலுவலர் ஸ்ரீஹரியின் மாமனார். மதுரையில் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவர். பாதயாத்திரை வந்த அசதியில் படுத்திருந்தார்.

கடிதம் படித்த மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு சோலையம்மாள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். பிரதான சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடி. ஸ்ரீஹரி இளவயது, மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் சார்."

"நல்லதும்மா. நீங்க வீடற்றவர்ங்கிறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

"வீடு இல்ல சார்."

"அது ஆதாரம் இல்லம்மா, தகவல். வீடின்மைச் சான்று வேணும். வி.ஏ.ஓ. குடுப்பாரு."

"எந்த ஊரு வி.ஏ.ஓ.?"

"எந்த ஊர்ல உங்களுக்கு வீடு இல்லையோ அந்த ஊர் வி.ஏ.ஓ."

சோலையம்மாள் யோசித்தாள். "எனக்கு எந்த ஊர்லயும் வீடு இல்லையே சார்."

ஸ்ரீஹரி அவளை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப எல்லா ஊர்லயும் வாங்கணும்மா."

அவள் வாங்கக் கிளம்பினாள் என்பதுதான் வருத்தமான விஷயம். அரசாங்கம் சொன்னால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவள் அவள். முதல் ஊரில் வி.ஏ.ஓ., "இந்த ஊர்ல ஒனக்கு வீடு இல்லன்னு நான் எழுதணும்னா, மொதல்ல நீ இந்த ஊர்க்காரின்னு இருப்பிடச் சான்று கொண்டா" என்றார். இரண்டாவது ஊரில், "இந்த ஊர்ல வீடு இல்லாதவங்களுக்கெல்லாம் சான்று குடுக்க ஆரம்பிச்சா, அமெரிக்காக்காரன்கூட வரிசையில நிப்பான் தாயி" என்று சிரித்தார். மூன்றாவது ஊரில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. நாலாம் நாள் மண்டிக்காரர், இனிமேல் லீவு போட்டால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவேன் என்றார். சான்று தேடுவதை அன்றோடு விட்டாள்.

மாதக் கடைசியில் கிட்டங்கியைப் பூட்டினார்கள். பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் என்றார் ஸ்ரீஹரி. ரவுண்டானாவில் ஒரு பேனர் வந்தது: 'வீடற்றோர் மூவரே! வியக்கிறது சமவெளி!' பேனருக்குக் கீழேயே நிழலாக இருந்ததால் ராமர் தன் கட்டுப்போட்ட காலை நீட்டி அங்கே படுத்துக்கொண்டார். அவர் சுமை தூக்குகிறவர். மூட்டை சரிந்து கால் முறிந்தது. சோலையம்மாளும் காதர் பீவியும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினார்கள். ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் கதவைத் தள்ளிய ஒருத்தனைக் காதர் பீவி எலுமிச்சைக் கூடையாலேயே அடித்தாள். பழமெல்லாம் சாக்கடையில் உருண்டது. அவள் அதைப் பார்த்து அழவில்லை. சோலையம்மாள்தான் அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் அந்தக் கோபம் போகவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாரியம் மக்கள் கருத்துக் கேட்பு நடத்தியது. உள்ளே போக இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று வாசலில் நிறுத்தினார்கள். சோலையம்மாள் பின்பக்கம் சமையல்கட்டு வழியாகப் போனாள். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் மண்டியில் தெரிந்தவள்.

மேடையில் வீடற்றோர் பிரதிநிதி என்ற அட்டைக்குப் பின்னால் ஒரு மனைத் தரகர் உட்கார்ந்திருந்தார். நாலு இடத்தில் பிளாட் போட்டு விற்பவர். வீடு விஷயத்தில் அவரைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று வரவேற்புரையில் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"சமம் என்றால் என்ன? பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பது சமம் அல்ல. எல்லோரையும் ஒரே விதியால் அளப்பதே சமம். விதி ஒன்றாக இருந்தால் போதும், விளைவு எப்படி இருந்தாலும் அது நீதிதான். கொடுக்கும்போது ஆள் முகம் பார்க்கக் கூடாது என்பார்கள். அதனால்தான் நாங்கள் யாரையும் பார்ப்பதே இல்லை. வாரியம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை நான் ஒரு வீடற்றவரைக்கூட நேரில் சந்தித்ததில்லை. இதைவிட நடுநிலைமை வேறென்ன இருக்க முடியும்?"

கைதட்டினார்கள். மனைத் தரகர் அதிகமாகத் தட்டினார்.

"ஐயா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. சோலையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். "நான் வீடு இல்லாதவ. பாத்துக்கங்க."

தலைவர் பதறிப்போய் வேறு பக்கம் திரும்பினார். ஆறு வருஷத்து நடுநிலைமை ஆயிற்றே.

"எங்களுக்குன்னு வந்த காச மலைப்பக்கம் அனுப்பிட்டீங்க. அங்க படுத்திருந்தவுக எல்லாம் சாமி கும்பிட்டுட்டு அவுகவுக வீட்டுக்குப் போயிட்டாக. நாங்க இங்கயே கெடக்கோம். அந்தக் காச இங்க திருப்பி அனுப்புனா என்ன?"

தலைவர் அருகிலிருந்தவர்களிடம் குனிந்து பேசினார். புத்தகம் ஒன்றைப் புரட்டினார்கள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நிதியை ஆளிடம் கொண்டுவர விதி இல்லை. ஆனால் ஆளை நிதியிடம் கொண்டுசெல்லப் போக்குவரத்துத் தலைப்பில் இடம் இருக்கிறது. கோரிக்கை பரிசீலிக்கப்படும்."

பரிசீலிக்கவும் பட்டது. காரணம், மலையடி மண்டலத்தில் நிதி கட்டடமாகி நின்றது. பழனிக்கு வெளியே விலைக்கு வாங்கிய ஐந்து மாடிக் கட்டடம், ஐந்நூறு கட்டில். தைப்பூசம் முடிந்து இருபத்திரண்டாயிரம் பேரும் ஊருக்குப் போய்விட்டதால் உள்ளே ஒரு ஈ காக்காய் இல்லை. காவல்காரர் இரண்டாம் மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது.

ஸ்ரீஹரி தானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பொன்ராஜை வைத்து முப்பத்தாறு பேரையும் தேடிப் பிடித்தார். "உங்களுக்கு அங்க இடம் ரெடி. கட்டில், மெத்தை எல்லாம் இருக்கு. நாளைக்குக் காலையில பஸ் வரும்."

"எங்க பொழப்பு இங்க இருக்கே சார்" என்றார் ராமர்.

"ஒருநாள் வந்து பாருங்க. பிடிக்கலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

கட்டில் என்ற வார்த்தை காதர் பீவியை அசைத்துவிட்டது. அவள் கட்டிலில் படுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, அதுவும் பெரியாஸ்பத்திரியில். "ஒருநாள்தான புள்ள, போயிட்டு வருவோம்" என்றாள்.

போனார்கள். கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை. குழு மாடி ஏறாது என்று விசாரித்து வைத்திருந்ததால், எல்லாரையும் தரைத்தளத்திலேயே இருத்தினார்கள். ஆளுக்கு ஒரு மடக்குக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, வாளி, குவளை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கச் சொன்னார்கள். கொழுந்தன்மார் கொண்டுவந்த காகிதத்தில் ஒருதடவை படிக்காமல் கைநாட்டு வைத்தவள் சோலையம்மாள். அதனால், "என்ன எழுதியிருக்கு, படிங்க சார்" என்றாள்.

ஸ்ரீஹரி வேகமாகப் படித்தார். "மேற்கண்ட பொருட்களை நிரந்தர உபயோகத்துக்காகப் பெற்றுக்கொண்டேன். இவை என் உடைமை. இனி இவற்றின் மீது வாரியத்துக்கு எவ்வித உரிமையும் பொறுப்பும் இல்லை."

"எங்களுக்கே எங்களுக்கா?"

"பேப்பர்ல அப்படித்தான்ம்மா. போர்வை கிழிஞ்சாலோ வாளி உடைஞ்சாலோ ஆடிட்ல எங்களக் கேக்கக் கூடாதுல்ல? அதுக்காக."

"எங்களுக்கு ஒரு நகலு?"

மஞ்சள் நகல் விதியிலேயே இருந்தது. கிழித்துக் கொடுத்தார்கள். சோலையம்மாள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவர்களையும் பத்திரப்படுத்தச் சொன்னாள்.

குழு மதியம் வந்தது. பதினோரு நிமிஷம் இருந்தது. அதில் ஒருவர் காதர் பீவியின் கட்டில் அருகில் நின்று இந்தியில் ஏதோ கேட்டார். சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்பதாக ஸ்ரீஹரி சொன்னார்.

"மெத்தை மெத்துனுதான் இருக்கு. ஆனா என் கூடை திண்டுக்கல்லுலதான கெடக்கு? சாயங்காலம் ஏவாரத்துக்கு யாரு போறது?"

"வாரியத்துக்கு மிகவும் நன்றிக்கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார்" என்று ஸ்ரீஹரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். குழு குறித்துக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கார்கள் கிளம்பின. குழுவோடு வந்தும் காரைவிட்டு இறங்காத தலைவரும் அந்தக் கையோடு மலைக்குத் தரிசனத்துக்குப் போய்விட்டார்.

ஸ்ரீஹரி கைதட்டி எல்லாரையும் எழுப்பினார். "ரொம்ப நல்லா ஒத்துழைச்சீங்க. சாமானெல்லாம் மடிச்சு வச்சிட்டுக் கிளம்பலாம்."

"ஏன், இங்கயே இருக்கச் சொல்லலையா?" என்றார் ராமர்.

"இங்க சமையலுக்கு, கரண்டுக்கு, தண்ணிக்கு நிதி இன்னும் வரல. கட்டடத்துக்கு மட்டுந்தான் வந்திருக்கு."

"சரி சார், பஸ் எங்க?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

ஸ்ரீஹரி தயங்கினார். "ஆளை நிதிகிட்டக் கொண்டுபோகத்தான்ம்மா போக்குவரத்துத் தலைப்புல இடம் இருக்கு. திரும்பக் கூட்டிட்டு வர இடமில்ல."

முப்பத்தாறு பேரின் மடியையும் சேர்த்துத் தேடினாலும் எல்லாருக்கும் பஸ் டிக்கெட் எடுக்கக் காசு தேறாது. ராமர் வெளியே தெரிந்த ரோட்டையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். சோலையம்மாள் அந்தப் பார்வையைக் கவனித்தாள். பிறகு ரொம்ப நிதானமாக, "பரவால்ல சார். நாங்களே போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, தன் ஓட்டை போனை எடுத்தாள்.

மண்டியிலிருந்து தினமும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லோடு ஏற்றிப்போகும் லாரிக்காரன் பைசல். சாயங்காலம் வெறும் வண்டியாகத்தான் திரும்புவான்.

"ஏலே பைசலு, வண்டி காலியாத்தான இருக்கு? பழனி வரைக்கும் வந்துட்டுப் போ. முப்பத்தாறு உருப்படி, முப்பத்தாறு கட்டிலு."

"கட்டிலா? யாருதுக்கா?"

"எங்களுதுதான்டா. சீட்டு இருக்கு."

"செத்த நேரம் பொறுங்க, வாரேன்."

ஒரு மணி நேரத்தில் வந்தான். அதுவரை ஸ்ரீஹரிக்கு விஷயம் புரியவில்லை. முதல் கட்டில் லாரியில் ஏறியபோதுதான் ஓடிவந்தார்.

"என்னம்மா இது! கவர்மெண்ட் சொத்து!"

சோலையம்மாள் மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினாள். "நீங்கதான சார் படிச்சுச் சொன்னீங்க? இவை என் உடைமை. வாரியத்துக்கு உரிமையும் இல்ல, பொறுப்பும் இல்ல. பொறுப்பு இல்லாதது எங்களுக்கு முன்னாடியே தெரியும். உரிமை இல்லாதது இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா!"

"எங்க கிட்டங்கியப் பூட்டுனதும் ஃபார்மாலிட்டிதான்னு சொன்னீங்க. அது நெசமாத்தான பூட்டிக் கெடக்கு?"

ஸ்ரீஹரி கேட்டைச் சாத்தச் சொன்னார். காவல்காரர் ஒரு சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார். அந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் அவசரம் கிடையாது. "ஏனுங்க சார், இவங்க சொல்றது சரிதானுங்க. கீழ உங்க கையெழுத்தும் சீலும் இருக்குதுங்க. அடுத்தவங்க சாமானை நாம புடிச்சு வெச்சா நம்ம மேல கேசாயிருமுங்க." சொல்லிவிட்டுக் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். ஸ்ரீஹரி தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் சந்நிதியில் இருந்தார்.

வெயில் தாழ லாரி கிளம்பியது. மெத்தைகளின் மேல் முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காதர் பீவி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "இம்புட்டு நாளா நமக்கு வரவேண்டியது இந்த ரோட்டுலதான் போச்சு. இன்னைக்குத்தான் திரும்பி வருது" என்றாள்.

கிட்டங்கியின் அரக்கு முத்திரையை அவர்கள் தொடவில்லை. நேராக வாரிய அலுவலகத்துக்கு வந்து, கட்டடத்தின் முன்வாசலிலும் சாலையோரத்திலும் கட்டில்களை வரிசையாக விரித்தார்கள். காலையில் வேலைக்கு வந்த ஊழியர்கள் ஒருக்களித்து நடந்து மாடிப்படிக்குப் போக வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்துப் போனார்கள். மற்றவர்கள் ஆபீஸ் நேரம் முழுக்க, பத்திலிருந்து ஐந்தே முக்கால் வரைக்கும், போர்த்திப் படுத்திருந்தார்கள். காதர் பீவி கட்டிலிலேயே பழத்தைப் பரப்பி வியாபாரம் செய்தாள். வாரியத்துக் கணக்காளரே இரண்டு தடவை வாங்கிப்போனார். இவர்களை யாரும் எண்ணவில்லை. வருஷக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் ஸ்ரீஹரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். போகாமல் முடியாது. கட்டில் காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முப்பத்தாறு கட்டிலுக்கும் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் போவதைப் பார்த்ததும் சோலையம்மாள் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனாள். ராமரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள்.

எஸ்.ஐ. வீரலட்சுமி புகாரை வாங்கிப் படித்தார். "எத்தனை பேர் எடுத்துட்டுப் போனாங்க?"

"முப்பத்தாறு பேர் மேடம்."

"எந்த ஊர்க்காரங்க?"

"திண்டுக்கல்தான். வீடில்லாதவங்க."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "ரவுண்டானாவுல உங்க பேனரத் தினமும் பாத்துட்டுத்தான் வாரேன் சார். திண்டுக்கல்லுல மொத்தமே மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. மூணு பேரு சேந்தா முப்பத்தாறு இரும்புக் கட்டிலத் தூக்குனாங்க?"

"அப்ப மலையடி மண்டலப் பயனாளிகள்னு எழுதிக்கங்க."

"பயனாளின்னா கட்டில் அவங்க சொந்தம்னு நீங்களே சீல் போட்டுக் குடுத்திருக்கீங்க. சொந்தக் கட்டிலத் தூக்கிட்டுப் போனா எந்த செக்‌ஷன்ல கேஸ் போட?"

ஸ்ரீஹரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சம்பளத்தையும் பேனரையும் நிறுத்துப் பார்த்தார். அவருக்கு வீட்டுக்கடன் இருந்தது. சம்பளம் ஜெயித்தது. காகிதத்தை இழுத்து, 'திண்டுக்கல் நகரத் தெருக்களில் வீடின்றி வசித்துவரும் கீழ்க்கண்ட முப்பத்தாறு நபர்கள்' என்று தன் கைப்பட எழுதினார்.

எஸ்.ஐ. அதைச் சத்தமாகப் படித்தார். வாசலில் நின்ற சோலையம்மாளுக்கு அது தெளிவாகக் கேட்டது. எந்த ஊர் வி.ஏ.ஓ.வும் எழுதித் தராத வரி அது. வாரியத்து அதிகாரியே எழுதி, வாரியத்து சீலையும் குத்திவிட்டார்.

அவள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். "பேரை விட்டுறாதீங்க சார். தெளிவா எழுதுங்க. சோலையம்மாள், புருஷன் பேரு கருப்பணன்."

"முகவரி?" என்று பழக்கத்தில் கேட்டார் ஸ்ரீஹரி.

"திண்டுக்கல்."

"தெரு?"

"தெருதான்."

அவருக்குப் பதினோரு பேரின் பெயர்தான் தெரிந்திருந்தது. மிச்சப் பேர் வரிசையில் நின்று தாங்களே சொன்னார்கள். "காதர் பீவி. பீவிய விட்டுட்டு வெறுங் காதர்னு எழுதிறாதீக, அப்புறம் நான் இல்லேன்னு சொல்லிருவீக." "ராமர். ஒத்தக் கால ஊனிக்கிட்டே தூக்குனேன்னு சேத்து எழுதுங்க சார்." ஒவ்வொருத்தரும் தன் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் விழும்வரை மேஜையை விட்டு நகரவில்லை. திருட்டுப் புகாரில் பெயர் வர ஆட்கள் இப்படி முண்டியடித்து எஸ்.ஐ. தன் சர்வீஸில் பார்த்ததில்லை. கூடவே வந்திருந்த பொன்ராஜும் ஆவேசத்தில், "என் பேரையும் எழுதுங்க சார், நானும் இவங்களோடதான்" என்று கையைத் தூக்கினான்.

"ஒனக்குத்தான் வீடு இருக்குல்ல? தள்ளி நில்லு தம்பி" என்று சோலையம்மாள் அவனை ஓரமாக நகர்த்தினாள்.

எஸ்.ஐ. மனு ரசீது போட்டு, போலீஸ் பாஷையில் எதிரிகளாகிவிட்ட முப்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தார். அன்று சாயங்காலம் தலைவர் சென்னையிலிருந்து போனில் கத்தினார். புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னார். வாங்கலாம், ஆனால் ரசீது எண் விழுந்துவிட்டது, எழுதிய காகிதம் ஸ்டேஷனில்தான் இருக்கும் என்றார் வீரலட்சுமி. மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று விசாரணையை இரண்டே நாளில் முடித்தும்விட்டார்.

பொன்ராஜ் அந்த நகலை இணைத்து வாரியத்துக்கும், வாரியத்துக்கு மேலே இருந்தவர்களுக்கும் மனு எழுதினான். வாரியமே ஒப்புக்கொண்ட முப்பத்தாறு பேருக்கு நிதி எங்கே என்று ஒரே ஒரு வரி. ஒன்பது நாள் கழித்து ஸ்ரீஹரி வந்து அரக்கை உடைத்துக் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். உத்தரவில், 'சமவெளி மண்டலத்தின் முப்பத்தாறு எதிரிகளுக்கு மறு உத்தரவு வரும்வரை விடுதி வசதி அனுமதிக்கப்படுகிறது' என்று இருந்தது. பெயர்ப்பதிவேட்டிலும் பயனாளி எண் என்ற இடத்தில் எதிரி எண்ணைத்தான் எழுத வேண்டும் என்றார். சோலையம்மாள் எதிரி எண் ஒன்று.

கட்டில்களை உள்ளே போட்டு முடித்தபோது வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. ரயில்வே ஸ்டேஷன் நடைமேடையில் படுப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்ற பெண் இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நாங்க எந்தக் கட்டிலையும் எடுக்கல. எடுத்தோம்னு எழுதிக் குடுத்தா எங்களுக்கும் எடம் கெடைக்குமா?"

பொன்ராஜ் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பத்தாறுக்கு மேல் ஒருவருக்கும் அதில் வழியில்லை.

"பொய்யா எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்றாள் சோலையம்மாள். "அங்க இன்னும் நானூத்தி அறுபத்திநாலு கட்டிலு பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமக் கெடக்கு. தம்பி, பைசலுக்குப் போனப் போடு."